கட்டளை நின்றுபோன இடம்: கோவா 1961, லிஸ்பன் 1974

ராணுவம் பற்றிப் பேச்சு வரும்போது நம்மிடையே இரண்டு வாக்கியங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ராணுவம் அரசின் ஒடுக்குமுறைக் கருவி என்பது ஒன்று. அல்தூசரைப் படித்தவர்கள் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்வார்கள். படிக்காதவர்கள் லெனினை வைத்தே சொல்லிவிடுவார்கள். ராணுவத்துக்குள்ளிருந்து எதிர்ப்பு வந்தால் அது அடுத்த சர்வாதிகாரிக்கான ஒத்திகை என்பது இன்னொன்று. பெரும்பாலான சமயங்களில் இரண்டுமே சரிதான். ஆனால் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. கருவி என்றால் அது சில நேரங்களில் எப்படிக் கையைவிட்டு நழுவுகிறது? துப்பாக்கி தானாக நழுவாது. அதைப் பிடித்திருக்கிற ஆள் நழுவுகிறான். அந்த ஆள் யார், எந்த இடத்தில் நழுவினான், எதற்காக நழுவினான் என்று பார்க்காமல் அமைப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அதிகாரம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறதோ அதையே நாமும் நம்ப ஆரம்பித்துவிடுவோம்: தான் ஒரே கல் என்று.

நான் எடுத்துக்கொள்வது இந்திய மண்ணில் நடந்த ஒரு விஷயம். ஒரு சர்வாதிகாரி கடல் கடந்திருந்த தன் தளபதிக்கு, ஜெயியுங்கள் அல்லது எல்லோரும் சாகுங்கள் என்று செய்தி அனுப்பினார். தளபதி ஜெயிக்கவுமில்லை, சாகவுமில்லை. தன் ஆட்களைச் சாகவிடவும் இல்லை. 1961 டிசம்பர், கோவா. அனுப்பியவர் போர்த்துகலின் சலாசார். பெற்றுக்கொண்டவர் கவர்னர் ஜெனரல் மனுவேல் அந்தோனியோ வசாலோ இ சில்வா. நம் பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி உண்டு: இந்திய ராணுவம் உள்ளே போனது, 36 மணி நேரத்தில் கோவா விடுதலையானது. ஏன் 36 மணி நேரம் என்று கேட்டால் நம்ம ராணுவத்தின் பலம் என்பார்கள். அது பாதிப் பதில்.

இதைத் தமிழில் பேசப் புகுந்தால் முதலில் சொல்லே தகராறு செய்கிறது. படைக்குள்ளிருந்து மறுக்கிறவனைக் குறிக்க நம்மிடம் என்ன இருக்கிறது? செஞ்சோற்றுக் கடன் இருக்கிறது. கும்பகர்ணன் இருக்கிறான். அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்த அண்ணனுக்காகவே போய்ச் சாகிறான். கம்பராமாயணப் பிரசங்கம் கேட்கிறவர்கள் கண் கலங்குகிற இடம். வீடணன் இருக்கிறான், விட்டுவிட்டுப் போய் எதிரணியில் சேர்ந்தவன். திராவிட இயக்கத்தார் ராமாயணத்தைத் தலைகீழாகப் படித்தபோது இராவணன் உயர்ந்தான், வீடணன் இன்னும் கீழே போனான். பிறகு எட்டப்பன். ஆக, கண்டித்துவிட்டுச் செத்தால் வீரன், விலகிப் போனால் துரோகி. இடத்தை விட்டு நகராமல், எதிரியோடு சேராமல், கட்டளையை மட்டும் நிறைவேற்றாமல் விட்ட மூன்றாவது ஆளுக்கு நம் மொழியில் பெயர் இல்லை. பெயர் இல்லாததை யோசிப்பது கஷ்டம். அரசனின் வெற்றிக்காகத் தன் கழுத்தைத் தானே அரிந்துகொள்ளும் வீரனின் நவகண்டச் சிற்பங்கள் தமிழகத்தில் பல ஊர்களில் உண்டு. வாளை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவனுக்கு யாரும் கல் நட்டதில்லை.

திருமானூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்குப் போர்த்துகல் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் ஒன்றியத்தில்தான் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். ஆனால் அவர் கப்பலேறியது லிஸ்பனில், 1710இல் வந்து இறங்கியது கோவாவில். அந்தக் காலத்தில் கீழ்த்திசைக்கு வந்த சேசுசபைப் பாதிரிமார்களுக்குப் போர்த்துகல் ராஜாவின் ஆதரவு அமைப்புதான் முக்கிய வழி. கொள்ளிடக்கரைக்கும் லிஸ்பனுக்கும் நடுவே ஒரு கோடு பழைய நாளிலேயே போடப்பட்டிருக்கிறது, கோவா அதன் நடுப்புள்ளி. சலாசார் பேசிய போர்த்துகலும் இந்தக் கப்பல்கள், பாதிரிமார், வாஸ்கோடகாமா என்ற பழங்கதையின் போர்த்துகல்தான். அந்தக் கதையைக் காப்பாற்றத்தான் அவர் மூவாயிரத்துச் சொச்சம் பேரைச் சாகச் சொன்னார்.

சலாசார் ராணுவக்காரர் அல்ல, கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர். 1926 மே 28 அன்று ராணுவம் புரட்சி செய்து குடியரசைக் கவிழ்த்தது. நிதி நிர்வாகம் தெரியாமல் தடுமாறிய தளபதிகள் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் 1932இல் பிரதமரானார், 1968 வரை எழுந்திருக்கவில்லை. அதாவது இந்தச் சர்வாதிகாரம் ராணுவம் பெற்ற பிள்ளை. பெற்றவளையே பிள்ளை ஆட்டிவைத்தது. பீடே என்ற ரகசியப் போலீஸ் பொதுமக்களை வேவு பார்த்தது, ராணுவ அதிகாரிகளையும் வேவு பார்த்தது. 1958இல் ஜெனரல் உம்பெர்த்தோ தெல்காதோ தேர்தலில் நின்று, ஜெயித்தால் சலாசாரை வீட்டுக்கு அனுப்புவேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். நாடு கடந்து வாழ நேர்ந்த அவரை 1965இல் ஸ்பெயின் எல்லைக்கு அருகே பீடே ஆட்கள் கொன்றார்கள். 1961 ஏப்ரலில் பாதுகாப்பு மந்திரி பொட்டேலோ மொனிஸே சில தளபதிகளைச் சேர்த்துக்கொண்டு சலாசாரை இறக்கப் பார்த்தார். சலாசார் முந்திக்கொண்டு அவர்களைப் பதவி நீக்கிவிட்டு, பாதுகாப்புத் துறையைத் தானே எடுத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து கோவாவுக்கு உத்தரவு போட்டது அந்த நாற்காலியிலிருந்துதான்.

அந்த ஏப்ரல் குழுவில் பிரான்சிஸ்கோ த கோஸ்தா கோமெஸ் என்று ஒருவர் இருந்தார். தரைப்படைத் துணைமந்திரியாக இருந்தபோது கோவாவைப் பார்வையிட்டுவிட்டு, இந்தியா நினைத்தால் இதைக் காக்கவே முடியாது, பெரிய படை வைப்பது வீண் என்று சொன்னவர். அவர் சொன்னபடி படை குறைக்கப்பட்டது. ஆனால் காக்க முடியாத ஒன்றைப் பேசித் தீர்க்கலாம் என்ற அடுத்த வரியை லிஸ்பன் படிக்கவில்லை. படையை மட்டும் குறைத்துவிட்டு வீரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். கோஸ்தா கோமெஸ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

டிசம்பர் நடுவில் கோவா எல்லையில் இந்தியாவின் ஒரு முழு டிவிஷனும் அதற்கு மேலும் நிற்கிறது. உள்ளே போர்த்துகீசியர் சுமார் 3500 பேர். சண்டை விமானம் இல்லை, டாங்க் இல்லை, துறைமுகத்தில் 1930களில் கட்டிய ஒரே ஒரு போர்க்கப்பல். டாங்க் எதிர்ப்புக் குண்டு வேண்டும் என்று "சாசேஜ்" என்ற சங்கேதச் சொல்லில் கேட்டார்களாம். லிஸ்பனிலிருந்து நிஜமாகவே தின்கிற சாசேஜ் வந்து இறங்கியதாம். இது அந்தச் சிப்பாய்களிடையே உலவிய கதை. ஒரு ராணுவம் தன் தலைமையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு இந்த மாதிரிக் கதைகளை விட நல்ல ஆவணம் கிடைக்காது.

டிசம்பர் 14 அன்று சலாசாரின் செய்தி வந்தது. சமாதானம் கிடையாது, சரணடைந்த கப்பல் இருக்கக்கூடாது, போர்த்துகீசியக் கைதி என்று ஒருவரும் இருக்கக்கூடாது, வென்ற சிப்பாய் அல்லது செத்த சிப்பாய் மட்டுமே இருக்கலாம் என்பது அதன் சாரம். குறைந்தது எட்டு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும், அதற்குள் உலக நாடுகளைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம் என்பது கணக்கு. கவனியுங்கள், இது ராணுவக் கட்டளையே அல்ல. இடத்தைக் காப்பாற்று என்று அது சொல்லவில்லை. பிணங்களை உற்பத்தி செய் என்கிறது. ஐ.நா.வில் காட்டுவதற்குப் பிணம் வேண்டும். சாகப் போகிறவன் அங்கே போர்வீரன் இல்லை, பத்திரிகைச் செய்திக்கான கச்சாப்பொருள்.

17ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி இந்தியப் படை உள்ளே வந்தது. வசாலோ இ சில்வா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, இதையும் சொல்ல வேண்டும். பாலங்களைத் தகர்த்தார்கள். அந்த ஒற்றைக் கப்பல், அஃபோன்சோ த அல்புகெர்க், இந்தியப் போர்க்கப்பல்களோடு சண்டை போட்டுச் சேதமாகித் தரைதட்டியது; அதன் கேப்டனுக்குப் பலத்த காயம். தியூவிலும் தாமனிலும் சிப்பாய்கள் நின்று சுட்டார்கள். ஆனால் கோவாவில் படையைத் தெற்கே வாஸ்கோ துறைமுகப் பக்கம் பின்வாங்கவைத்த தளபதி, அங்கே கடைசி ஆள் வரை என்ற நாடகத்தை நடத்தவில்லை. பொதுக் கட்டடங்களையும் பழைய நினைவுச் சின்னங்களையும் எதிரி கையில் கிடைக்காதபடி அழிக்கச் சொன்ன உத்தரவையும் நிறைவேற்றவில்லை. 19ஆம் தேதி இரவு சரணடைந்தார். போர்த்துகீசியர் தரப்பில் இறந்தவர் சுமார் 30, இந்தியத் தரப்பில் 22. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதிகளானார்கள். "இருக்கக்கூடாது" என்று சலாசார் சொன்ன அந்தக் கைதிகள்.

இது எதிர்ப்பா? நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது, "அந்தாளு உசுருக்குப் பயந்தான், அதுக்கு நீ தத்துவம் கட்டுற" என்றார்கள். அப்படியே இருக்கட்டும். உயிருக்குப் பயப்படுவது அவ்வளவு கேவலமான காரணமா என்று நான் திருப்பிக் கேட்பேன். சர்வாதிகாரம் தன் ஆட்களிடமிருந்து முதலில் பிடுங்குவதே அந்தப் பயத்தை ஒப்புக்கொள்ளும் உரிமையைத்தான். வசாலோ இ சில்வா பொறியியல் பிரிவு அதிகாரி. எத்தனை டன் தாங்கும், எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பழகியவர். கணக்குப் போட்டுப் பார்த்தார், தேறவில்லை. இன்னொரு தகவலும் உண்டு. சலாசார் ஆட்சியை எதிர்த்துச் சிறை போன, பின்னர் பாரிசில் அகதியாக வாழ்ந்த பெண்ணிய எழுத்தாளர் மரியா லாமாஸ் இவருடைய உடன்பிறந்த அக்கா. போர்த்துகீசியப் பெண்களின் உழைப்பு வாழ்வை ஊர் ஊராகச் சுற்றிப் பதிவு செய்தவர் அவர். அக்கா தம்பியின் மனதை மாற்றினார் என்று நான் கதை கட்டப் போவதில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒருவர் ஆட்சியின் சிறைக்கும் இன்னொருவர் ஆட்சியின் கவர்னர் மாளிகைக்கும் போனார்கள் என்பதே போதும். சர்வாதிகாரத்தின் சுவர் வீட்டுக்குள் அவ்வளவு கனமாக இருப்பதில்லை.

ஆனால் அவரை விடுதலை வீரராக்குவதும் அயோக்கியத்தனம். 1958 முதல் அவர் கோவாவை ஆண்ட காலனிய அதிகாரி. அகுவாதா சிறையில் கோவா விடுதலைப் போராளிகள் கிடந்தது அவர் நாளிலும் தொடர்ந்தது. 1946 ஜூன் 18 அன்று மட்காவில் லோகியா கூட்டம் பேசியதிலிருந்து எத்தனை பேர் அடிபட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். 1955 ஆகஸ்ட் 15 அன்று எல்லை தாண்டி வந்த நிராயுதபாணிச் சத்தியாக்கிரகிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைக்கு வசாலோ இ சில்வா அங்கே இல்லை, ஆனால் அதே படை. அந்தச் சிப்பாய்களில் யாரும் சத்தியாக்கிரகிகளைச் சுட மாட்டேன் என்று துப்பாக்கியைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை. தன் உயிர் கேட்கப்பட்டபோதுதான் படை மறுத்தது. இந்த வித்தியாசத்தை மழுப்பக்கூடாது.

சலாசார் இந்த மறுப்பைப் புரிந்துகொண்ட விதம்தான் அடுத்த கட்டத்துக்கு வழி போட்டது. கைதிகளைத் திருப்பி அழைக்க அவர் அவசரப்படவில்லை. 1962 மே மாதம்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். கரையில் வரவேற்றது ராணுவப் போலீஸ். 1963 மார்ச்சில் தண்டனை அறிவிக்கப்பட்டது. கவர்னர் ஜெனரல், அவருக்குக் கீழிருந்த ராணுவத் தளபதி, ஒரு கடற்படைக் கேப்டன், ஆறு மேஜர்கள் என்று நீண்ட பட்டியல். அதன் கடைசியில் ஒரு சார்ஜெண்ட். கோழைகள் என்று சொல்லிப் படையிலிருந்து வெளியேற்றினார்கள். இன்னும் சில அதிகாரிகள் ஆறு மாதம் தற்காலிக நீக்கம். ஆட்சியின் தப்பு, பழி சிப்பாயின் தலையில். இந்தப் பாடத்தைப் படையில் இருந்த ஒவ்வொரு இளம் அதிகாரியும் படித்துக்கொண்டார்.

கொஞ்சம் விலகி ஒரு ஒப்பீடு. 1943 ஜனவரி 30, ஸ்டாலின்கிராட். சுற்றி வளைக்கப்பட்டுப் பட்டினி கிடந்த படையின் தளபதி பவுலஸை ஹிட்லர் பீல்டு மார்ஷலாக உயர்த்தினார். ஜெர்மானிய பீல்டு மார்ஷல் எவனும் உயிரோடு பிடிபட்டதில்லை, ஆகவே தற்கொலை செய்துகொள் என்பது அந்தப் பதவி உயர்வுக்குள் மடித்து வைத்த சேதி. மறுநாள் பவுலஸ் சரணடைந்தார். சலாசாரின் 14ஆம் தேதிச் செய்தியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தன் ஆட்களின் சாவை ஒரு சொத்தாகக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்கிற மனம்.

உள்ளிருந்து வந்த எதிர்ப்பு என்றாலே எல்லோரும் சொல்வது 1944 ஜூலை 20. கர்னல் ஸ்டாபன்பெர்க் ஹிட்லரின் கூட்ட அறையில் வெடிகுண்டை வைத்துவிட்டு வந்தார், ஹிட்லர் பிழைத்துக்கொண்டார். அதில் என்னை உறுத்துவது குண்டு அல்ல, டெலிபோன். பெர்லின் காவல் பட்டாளத்து மேஜர் ரேமரிடம், ஹிட்லர் இறந்துவிட்டார், கோயபல்ஸைக் கைது செய் என்று உத்தரவு. ரேமர் போகிறார். கோயபல்ஸ் போனைச் சுழற்றி அவர் கையில் கொடுக்கிறார், மறுமுனையில் ஹிட்லரின் குரல். அவ்வளவுதான், ரேமர் திரும்பி நின்று சதிகாரர்களைப் பிடிக்கப் போய்விட்டார். ஸ்டாபன்பெர்க் அன்றிரவே சுட்டுக் கொல்லப்பட்டார். 1934 முதல் ஜெர்மன் சிப்பாய் சத்தியம் செய்தது நாட்டுக்கு அல்ல, ஹிட்லர் என்ற தனி ஆளுக்கு. சதி செய்தவர்களும் மேலிருந்து வரும் கட்டளை கீழே தானாக நிறைவேறும் என்று நம்பித்தான் திட்டம் போட்டார்கள். கட்டளையின் சங்கிலியை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றப் பார்த்தார்கள். சங்கிலி தன் பழைய தலையையே தேடிப் போயிற்று.

எங்கள் பக்கத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தாரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். பெரிசு சிரித்துவிட்டுச் சொன்னது: "மேலேர்ந்து ஆர்டரு வருதுன்னு நீங்க படிச்சவங்க சொல்றீங்க தம்பி. அது எத்தன கை மாறி வருதுன்னு எங்களக் கேளுங்க. புடிக்காத ஆர்டரு வந்தா 'சரியா கேக்கல, திருப்பிச் சொல்லுங்க'ன்னு ரெண்டு தரம் சொல்லுவோம். மூணாவது தரத்துக்குள்ள அதச் சொன்ன ஆபீசரே யோசிக்க ஆரமிச்சிருவாரு." நுண் அதிகாரம் பற்றி நாம் மொழிபெயர்த்த பல பக்கங்களை விட இதில் விஷயம் இருக்கிறது. கட்டளை என்பது குரலில் இல்லை. கேட்கிற காதில், எழுதுகிற கையில், விசையை அழுத்துகிற விரலில் இருக்கிறது. வன்முறைக் கருவிகள் எவ்வளவு இருந்தாலும் கீழ்ப்படிய ஆள் இல்லையென்றால் அவை வெறும் இரும்பு என்று ஹன்னா ஆரெண்ட் வாதிட்டதும் இதைத்தான்.

போர்த்துகலுக்குத் திரும்புவோம். 1961இல் அங்கோலாவிலும், 1963இல் கினியிலும், 1964இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர் மூண்டது. பதின்மூன்று வருஷம். இளைஞர்கள் நாலு வருஷம் வரை கட்டாயப் பட்டாளத்தில் கழித்தார்கள், பெருங்கூட்டம் எல்லை தாண்டிப் பிரான்சுக்கு ஓடிற்று. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். ஆப்பிரிக்கர்கள் அதைவிடப் பன்மடங்கு. கினியில் அமில்கார் கப்ராலின் இயக்கம் போர்த்துகீசியரை முகாம்களுக்குள் முடக்கியது. 1973 ஜனவரியில் கப்ரால் கொல்லப்பட்ட பிறகும் அது ஓயவில்லை, அதே செப்டம்பரில் சுதந்திரப் பிரகடனமே செய்துவிட்டது. சலாசாருக்குப் பின் வந்த கயத்தானோவிடம் கினி கவர்னர் ஜெனரல் ஸ்பினோலா பேச்சுவார்த்தைக்கு அனுமதி கேட்டார். 1972இல் நடந்த அந்தச் சந்திப்பில், பேச்சுவார்த்தையை விட மானத்தோடு தோற்பதே மேல் என்ற பொருளில் கயத்தானோ பதில் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட அதிகாரிகளுக்கு ஞாபகம் வந்த ஒரே சொல் கோவா. நாளைக்குக் கினி விழும், நம்மைக் கோழைகள் என்று சொல்லி வெளியே தள்ளுவார்கள், லிஸ்பனில் உட்கார்ந்திருப்பவர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள். 1963இல் தண்டனை என்று கொடுத்தது பத்து வருஷம் கழித்து எச்சரிக்கையாக வேலை செய்தது, சலாசார் நினைத்ததற்கு நேர் எதிராக.

ஆனால் கேப்டன்கள் முதலில் கூடியது இதற்காகவும் அல்ல. 1973 ஜூலையில் ஒரு அரசாணை வந்தது. போரில் அதிகாரிகளுக்குப் பஞ்சம் வந்ததால், கட்டாயச் சேவையில் வந்தவர்கள் சுருக்கமான பயிற்சி முடித்து நிரந்தர அதிகாரிகளாகலாம், பழைய சேவையும் சீனியாரிட்டியில் சேரும். அகாடமியில் வருஷக்கணக்காகப் படித்து வந்த கேப்டன்களுக்கு ஆத்திரம். சீனியாரிட்டிப் பிரச்சினை! நம்ம ஊர் அரசு ஊழியர் சங்கக் கூட்டம் மாதிரிதான் இருந்திருக்கும். செப்டம்பர் 9 அன்று அல்காசோவாஸ் அருகே ஒரு பண்ணையில் 136 அதிகாரிகள் கூடினார்கள். சீனியாரிட்டி பேச வந்தவர்கள் போரைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று, போரைப் பற்றிப் பேசினால் ஆட்சியைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. சுயநலக் கோரிக்கை என்று தொழிற்சங்கப் போராட்டங்களை முகம் சுளித்துப் பார்க்கிற தோழர்கள் இந்த ஏழு மாதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தூய்மையான காரணத்தோடு வருகிறவனுக்காகக் காத்திருந்தால் யாரும் வரப்போவதில்லை.

1974 ஏப்ரல் 25. தடைக்கு ஆளான பாடகர் ஜோசே அஃபோன்சோவின் ஒரு பாட்டு நள்ளிரவு தாண்டி வானொலியில் ஒலித்தது. அதுதான் சைகை. கேப்டன்கள் வானொலி நிலையத்தைத்தான் முதலில் பிடித்தார்கள். பெர்லினில் ஹிட்லரிடம் டெலிபோன் இருந்தது. லிஸ்பனில் பேசுகிற வாய் இவர்களிடம் இருந்தது. சந்தரேம் குதிரைப்படைப் பள்ளியிலிருந்து 29 வயதுக் கேப்டன் சல்கேரு மாயா கவச வண்டிகளோடு தலைநகருக்கு வந்தார். பெரும்பாலும் பயிற்சிப் பையன்கள், பழைய வண்டிகள். எதிரே அரசு தரப்பின் புதிய, பெரிய டாங்குகள், ஒரு பிரிகேடியர் தலைமையில்.

ஆற்றங்கரைச் சாலையில் பிரிகேடியர், மாயாவைச் சுடு என்று இளம் அதிகாரி பெர்னாந்தோ சோத்தோமயோருக்கு உத்தரவிட்டார். மாட்டேன் என்றார், கைது செய்யப்பட்டார். அடுத்து டாங்குக்குள் பீரங்கியில் இருந்த கார்ப்பரல் ஜோசே அல்வெஸ் கோஸ்தாவிடம் நேரடியாகச் சொன்னார்: சுடு, இல்லாவிட்டால் உன்னைச் சுடுவேன். கார்ப்பரல் ஒன்றும் செய்யவில்லை. டாங்கின் மூடியை உள்ளிருந்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தாகுஸ் ஆற்றில் நின்ற ஒரு போர்க்கப்பலுக்கும் கரையிலிருந்தவர்களைச் சுடச் சொல்லி உத்தரவு போயிற்று, அங்கேயும் சுடவில்லை. அந்தச் சில மணி நேரத்தில் நாற்பத்தெட்டு வருஷ ஆட்சி முடிந்தது. மாலையில் கயத்தானோ கார்மோ முகாமில் ஸ்பினோலாவிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். அன்று மக்கள் கூட்டத்தின் மேல் சுட்டு நாலு பேரைக் கொன்றது பீடே போலீஸ் மட்டுமே.

இதைக் கேப்டன்களின் சாதனையாக மட்டும் எழுதுவது ஐரோப்பியர்கள் செய்கிற வேலை. கேப்டன்களை யோசிக்க வைத்தவர்கள் கினியிலும் அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் துப்பாக்கி எடுத்தவர்கள். 1972 டிசம்பரில் மொசாம்பிக்கின் விரியாமு கிராமத்தில் மக்களைப் படுகொலை செய்ததும் இதே ராணுவம்தான். இரண்டையும் சேர்த்து நினைக்க முடியாதவர்கள் ராணுவத்தைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது.

நம் நாட்டில் மறுத்த சிப்பாய்களை என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில், நிராயுதபாணி மக்களைச் சுட கர்வால் ரைபிள்ஸ் சிப்பாய்கள் மறுத்தார்கள். முன்னின்ற சந்திரசிங் கர்வாலிக்கு ஆயுள் தண்டனை. மறு வருஷம் காந்தி - இர்வின் ஒப்பந்தத்தில் அரசியல் கைதிகளை விடுவித்தபோது, உத்தரவை மீறிய சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் அதில் சேரமாட்டார்கள் என்று எழுதியே வைத்தார்கள். பிறகு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேட்டபோது, நாளை நான் ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்கள் தேவைப்படுவார்கள், அவர்களுக்கு மீறக் கற்றுக்கொடுக்க முடியாது என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். ஒளிவுமறைவில்லாத பதில், அந்த வகையில் மதிக்கிறேன். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கிளர்ந்த கடற்படை மாலுமிகளைச் சரணடையச் சொன்னவர் படேல். வேலை இழந்த அந்த மாலுமிகளைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்சிக்கு வரப்போகிறவர்கள் எல்லோருக்கும் மறுக்கிற சிப்பாயைக் கண்டால் ஒரு கூச்சம் இருக்கிறது, அவன் தங்களுக்காகவே மறுத்திருந்தாலும். இதில் நம் இடதுசாரிக் கட்சிகள் விதிவிலக்கு என்று நான் நம்பவில்லை.

1974க்குப் பிறகு வசாலோ இ சில்வாவுக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. கோவாவைக் காக்க முடியாது என்று சொன்ன கோஸ்தா கோமெஸ் அந்தச் செப்டம்பரில் போர்த்துகலின் ஜனாதிபதியானார். அவர் காலத்திலேயே, 1974 டிசம்பர் 31 அன்று, கோவா இந்தியாவின் பகுதி என்பதைப் போர்த்துகல் ஒப்பந்தம் போட்டு ஒப்புக்கொண்டது. வசாலோ இ சில்வா பிற்காலத்தில் கோவாவுக்கு வந்தபோது ஜனங்கள் அன்பாகவே வரவேற்றார்கள். 1985இல் இறந்தார். டாங்குக்குள் மூடியை அடைத்துக்கொண்ட கார்ப்பரல் பட்டாளம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அவர் யாரென்று வெளியே பரவலாகத் தெரியவந்ததே ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்துத்தான்.